மஞ்சள் நாய் விவகாரம்

சான் பிரான்சிஸ்கோ,
புத்தாண்டுப் பட்டாசுக் காகிதம் இன்னும் கூட்டி முடியாத மாதம்.

சியாட்டில் மழையில் ஊறிக்கொண்டிருந்தாலும் தலைமுடி உதிராமல் நீடூழி வாழவேண்டிய என் தம்பி மகன் கால்வினுக்கு, உன் நடுப் பெரியப்பா மோக் கிம்-ஃபூ எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். என் இடது முழங்கால் சௌக்கியமில்லை, அது தனியாக எழுதும். உன் மனைவியும் குழந்தைகளும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய மீன் கருவாடு வந்து சேர்ந்தது. அதன் வாசனை அதற்கு மூன்று நாள் முன்பே வந்து சேர்ந்துவிட்டது.

இப்போது நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. எங்கள் சீனர் சங்கத்து மாடியில் மாட்டியிருக்கும் முன்னோர் படங்கள் அத்தனையின் மீதும் ஆணையாகச் சொல்கிறேன், நீயும் நம்பமாட்டாய். நம்பினால், உன் கல்லூரிப் படிப்புக்காக உன் அப்பாவும் நானும் இஸ்திரி போட்ட சட்டைகள் அத்தனையும் வீண் என்று அர்த்தம். ஆனாலும் நீ கேட்டுவிட்டாய். "அப்பாவும் பெரிய பெரியப்பாவும் உங்களோடு பேசுவதில்லையாமே, நீங்கள் சிங்கத் தலையை மாட்டிக்கொண்டு பெரிய பெரியப்பாவைக் கடித்துவிட்டீர்களாமே, உண்மையா?" என்று எழுதியிருக்கிறாய். நான் கடிக்கவில்லை. சிங்கம் கடித்தது. வித்தியாசம் இருக்கிறது.

எல்லாம் வினிஃபிரட் செங்கால் வந்தது. மீன்கடை செங்கின் மூத்த மகள், நினைவிருக்கும். நாற்பது வயது, நூலகத்தில் வேலை. அவள் முறைத்தால் புத்தகங்கள் தாமாகவே அலமாரிக்குத் திரும்பிப் போகும். நம் சீனப் பேட்டைக் கிழவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் தலைக்குள் இருப்பது அவர்களோடு சேர்ந்து புதைந்துவிடக் கூடாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. நல்ல எண்ணம்தான். சூட்கேஸ் அளவுக்கு ஒரு டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு சங்கத்து மாடிக்கு வந்தாள். மாடிப்படியில் ஒரு அறிவிப்பு ஒட்டினாள். "ஒவ்வொருவராக வரவும். சொந்த ஊர், வீடு, குடும்பம் பற்றிக் கேள்விகள் கேட்கப்படும். பதில்கள் பதிவு செய்யப்படும்." பாவம், இங்கேயே பிறந்தவள். எங்கள் வயது ஆம்பிளைகளுக்கு அந்த வாசகம் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாது. அன்று மதியமே பேட்டை காலி. சதுக்கத்தில் சதுரங்க ஆட்டங்கள் பாதியில் நின்றன, புறாக்கள் உட்கார்ந்து மீதியை ஆடி முடித்தன. முடிதிருத்தும் யிப், வாடிக்கையாளரைப் பாதித் தலையோடு விட்டுவிட்டு ஓக்லாந்துக்கு ஓடினார். வாடிக்கையாளர் மீதிப் பாதியோடு சாக்ரமென்டோவுக்கு ஓடினார். பல் இல்லாத கிழவர்களுக்கெல்லாம் திடீரென்று பல்வலி.

ஏன் என்று உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பது உன் அப்பாவுக்குத் தெரியாது, அப்படியே இருக்கட்டும். நிலநடுக்கத்துக்குப் பின் இந்த நகரம் எரிந்தபோது பிறப்புப் பதிவேடுகளும் சேர்ந்து எரிந்தன அல்லவா? மறுநாள் காலை பார்த்தால் பேட்டையில் எல்லோருமே இங்கேயே பிறந்தவர்கள் ஆகிவிட்டார்கள், என் அப்பா உட்பட. இங்கே பிறந்தவனுக்குச் சீனாவில், சொந்த ஊரில் பிறந்த பிள்ளைகளை அழைத்துக்கொள்ள உரிமை உண்டு. அப்பாவுக்கு ஊரில் ஒரே பிள்ளை, நான். காகிதத்தில் மூன்று. மிச்சம் இரண்டு இடத்தையும் அவர் வேறு இரண்டு குடும்பங்களுக்கு விற்றார். பதினெட்டு வயதில் மீசையோடு இருந்தவன் பதினாலு வயது மூத்த மகன் கிம்-லெங் ஆனான். என்னைவிட மூன்று வயது பெரியவன், முதுகைக் கூனிக்கொண்டு, எட்டு வயதுக் கடைக்குட்டி கிம்-வோ ஆனான். அந்தக் கடைக்குட்டிதான் உன்னைப் பெற்ற மகான். அன்றிலிருந்து இன்றுவரை என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுகிறான். கூன் மட்டும் நிமிரவே இல்லை.

மூன்று பேரும் ஒரே கப்பலில் வந்தோம். வருவதற்கு முன் அவர்கள் இருவரும் அப்பா சொல்லி அனுப்பிய பாடத்தை நெட்டுருப் போட்டார்கள். எங்கள் வீடு, எங்கள் தெரு, கிணறு, பக்கத்து வீட்டு விதவை, எல்லாம். நான் படிக்கவில்லை. என் வீட்டைப் பற்றி நான் எதற்குப் படிக்க வேண்டும்? கப்பலில் வந்தவர்களை அடைத்துவைத்து விசாரிக்கும் தீவில், குடியேற்ற அதிகாரிகள் எங்களைத் தனித்தனியாக உட்காரவைத்துக் கேட்டார்கள். அவர்கள் இருவரும் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, ஒரு வாரத்தில் படகேறி நகரத்துக்கு வந்து வறுத்த வாத்து சாப்பிட்டார்கள். என்னிடம் "அரிசிப் பெட்டி எங்கே இருந்தது?" என்று கேட்டார்கள். "தெரியாது, எனக்குச் சோறு தட்டில்தான் வரும்" என்றேன். "நாய் உண்டா?" என்று கேட்டார்கள். "உண்டு, மஞ்சள் நிறம், இடது காது வெள்ளை" என்றேன். போச்சு. மற்ற இரண்டு பேரும் நாய் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். அப்பா ஊரைவிட்டு வந்த பிறகு வந்த நாய் அது, பாடத்தில் எப்படி இருக்கும்? போலிகள் இருவரும் அசல் ஆனார்கள், அசலான நான் போலியானேன். குளிர்காலம் முழுக்கக் கம்பிவேலிக்குள் கிடந்தேன். கடைசியில் அப்பா ஏற்பாடு செய்த வக்கீல் வந்து, "அது பக்கத்து வீட்டு நாய்னு சொல்லுடா" என்றார். சொன்னேன், கதவு திறந்தது. ஆக, அரசாங்கக் கணக்கில் எனக்கு நாய் கிடையாது. அதனால்தான், கால்வின், வினிஃபிரட்டின் அறிவிப்பைப் பார்த்து ஊரே ஓடியபோது நான் ஒருவன் மட்டும் தலைக்கு எண்ணெய் தடவி வாரிக்கொண்டு நின்றேன். அந்த டேப்பில் என் நாய் ஏற வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஓடியவர்கள் இரண்டு நாளில் திரும்பி வந்தார்கள். ஓக்லாந்தில் கஞ்சி சரியில்லையாம். திரும்பி வந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒத்திகை! பேட்டை முழுக்க, ஜன்னலுக்கு ஜன்னல், கிழவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "உங்க தெரு எந்தப் பக்கம் பாத்தது?" "தெற்கு!" "பன்னி எத்தனை?" "ரெண்டு!" பழைய பழக்கம். மருந்துக்கடைக்கு மேலே லெங்கின் அறையில் எங்கள் ஒத்திகை. லெங் வெந்நீர் வாளியில் காலை விட்டுக்கொண்டு சக்கரவர்த்தி மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"கிணறு?"

"ஊர்க்கோடியில, கிழக்குப் பக்கம்," என்றான் உன் அப்பா.

"பக்கத்து வீடு?"

"விதவை மா. பிள்ளை இல்ல. ஒத்தக் கண்ணு."

"நாய்?"

"இருந்துச்சு," என்றேன் நான்.

லெங் வாளியிலிருந்து காலை எடுத்துவிட்டான். "டேய் ஃபூ, ஆரம்பிக்காத. நாய் இல்ல."

"மஞ்சள் நாய். இடது காது வெள்ளை."

"அண்ணே, அறுபது வருஷமா இதே பாட்டா?" என்றான் உன் அப்பா. "நாங்க ரெண்டு பேரு இல்லேங்குறோம், நீ ஒருத்தன் இருக்குங்குற. அப்ப யாரு போலி? நீயே சொல்லு."

"என் வீட்ல எனக்கு நாய் இருந்துச்சா இல்லையான்னு நீங்க சொல்றீங்களாடா?"

"பாடத்துல இல்ல," என்றான் லெங், திரும்பவும் காலை வாளிக்குள் விட்டபடி. அதோடு வழக்கு முடிந்தது. என்னைப் பேச விடக்கூடாது என்று தீர்மானித்து, மறுநாளே வினிஃபிரட்டிடம் போய், "எங்க நடுவுலவனுக்கு ஞாபகம் போயிருச்சும்மா. நாய் நாய்னு பொலம்புவான். அவனைக் கூப்புடாத, ஒடம்புக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் மாடிப்படியில் என்னைப் பார்த்த அந்தப் பெண், ஒரு சொங்கிப் பூனையைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். அப்புறம் ஏனோ நின்றாள். "மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? இதுவரைக்கும் பதினோரு பேரைப் பதிவு பண்ணிட்டேன். ஒருத்தர்கூட ஒரு நொடி யோசிக்கல. நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டேன்னு சொல்ல நான் யோசிக்கிறேன். இவங்க அறுபது வருஷத்துக்கு முந்தி இருந்த கொல்லைக் கதவை யோசிக்காம சொல்றாங்க. எப்படி மாமா?" என்றாள். நான் புத்தர் மாதிரி சிரித்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிட்டேன். கெட்டிக்காரி என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

என்னைக் கூப்பிடமாட்டார்கள் என்றால் நானே போக வேண்டியதுதானே? லெங்கின் முறை வந்த அன்று, சங்கத்து மாடியின் மூலையில் புத்தாண்டுச் சிங்க ஆட்டம் முடிந்து வைத்திருந்த சிங்கத் தலைக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டேன். உனக்குத் தெரியும், அதற்குள் ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம். ஆட்டக்காரப் பையன்களின் வியர்வையும் பழைய ஆரஞ்சுத் தோலும் சேர்ந்து உள்ளே ஒரு தனி உலகம். கயிற்றை இழுத்தால் கண் சிமிட்டும், வாய் திறக்கும். வாய் வழியாகப் பார்த்தால் லெங்கின் முதுகு, அதற்கு அப்பால் வினிஃபிரட், நடுவில் சுற்றும் டேப். உன் அப்பா தன் முறைக்காகச் சுவரோரம் பெஞ்சில், கூனிக்கொண்டு. வினிஃபிரட் நூலகக்காரி அல்லவா, படித்த கேள்வியாகக் கேட்டாள். "ஊரைவிட்டுக் கிளம்பும்போது மனசுக்கு எப்படி இருந்துச்சு மாமா?"

லெங் வாயைத் திறந்தான். தொட்டி மீன் மாதிரி மூடினான். அது பாடத்தில் இல்லை. "மனசா... எங்க மனசு... அது கிழக்குப் பாத்து இருந்துச்சும்மா."

என்னால் தாங்க முடியவில்லை. கேட்கத் தெரியாத ஆளிடம் என் தம்பட்டக்கார அண்ணனை மாட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பதா? தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தீவில் கேட்ட அந்த அதிகாரியின் கட்டைக் குரலை வரவழைத்து, சிங்கத்தின் வாய் வழியாக, "அடுப்பு எந்தப் பக்கம்?" என்றேன்.

லெங்கின் முதுகு விறைத்தது. இரண்டு கையும் முழங்காலுக்குப் போயின. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வடக்குச் சுவரோரம், ஐயா."

வினிஃபிரட் சிங்கத்தைப் பார்த்தாள், சிங்கம் அவளைப் பார்த்துக் கண் சிமிட்டியது. அவள் டேப்பை நிறுத்தவில்லை. கெட்டிக்காரி என்று சொன்னேனே.

"அரிசிப் பெட்டி?"

"மாடிப்படிக்குக் கீழ, ஐயா. மூடியில விரிசல்."

ஆக, அங்கேதான் இருந்திருக்கிறது! அறுபது வருஷத்துக்குப் பிறகு என் வீட்டு அரிசிப் பெட்டியைக் கண்டுபிடித்தேன், கால்வின். எனக்குப் பேராசை பிடித்துக்கொண்டது. நாயை மறந்துவிட்டேன். ஒன்பது வயதில் வந்தவன் நான், எனக்கு அந்த வீட்டில் நாயைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. அந்த ஊர்ப் பக்கமே கால் வைக்காத இவனிடம் நாயைத் தவிர எல்லாம் இருக்கிறது. சுவர்க் கடிகாரம் ஓடுமா என்று கேட்டேன், ஓடாது, அழகுக்கு மாட்டியது என்றான். பின்கதவில் என்ன இருந்தது என்று கேட்டேன், துடைப்பம் மாட்டியிருந்தது என்றான். அப்புறம், அதிகாரிக் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது, "அம்மா சாப்பிடறப்போ எங்க உக்காருவாங்க?" என்று கேட்டேன்.

"மேசைக்கு வரமாட்டாங்க, ஐயா. அடுப்புக்குப் பக்கத்துல விறகுக்கட்டு மேல உக்காருவாங்க. வாசக்கதவைப் பாத்த மாதிரி."

அம்மாவின் முகம் படத்தில் இருக்கிறது. எங்கே உட்காருவார் என்பது எந்தப் படத்திலும் இல்லை. அப்பா அதைக் கவனித்திருக்கிறார், பாடத்தில் சேர்த்திருக்கிறார், லெங் அறுபது வருஷம் சுமந்திருக்கிறான். சிங்கத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறானாம். அது புது வார்னிஷ்.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் நல்லவன். நிறுத்தவில்லை. "நாய்?" என்றேன்.

"நாய் இல்ல, ஐயா."

"இருந்துச்சுடா, மடையா! மஞ்சள் நாய்!" என்று கத்திக்கொண்டு எழுந்தேன். தலையில் சிங்கம் இருந்தது மறந்துபோயிற்று. கயிறு கையில் சிக்கி வாய் படாரென்று மூடியது. உள்ளே லெங்கின் தோள். அவன் அலறிய அலறலில் முன்னோர் படங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டன, கோல்டன் கேட் பாலம் ஒரு அங்குலம் கிழக்கே நகர்ந்தது, அடுத்த தெருவில் கொதித்துக்கொண்டிருந்த கஞ்சி ஆறிப்போனது. உன் அப்பா பெஞ்சுக்கு அடியில் போய்விட்டான், "நான் ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் சொல்லல" என்றபடி.

லெங் என்னைச் சிங்கத் தலையிலிருந்து உரித்தெடுத்தான். முகம் சிவந்து, கஞ்சியில் ஊறிய பன்றித் தொத்திறைச்சி மாதிரி இருந்தான். "சந்தோஷமா? நீ அசல், நாங்க போலின்னு டேப்புல ஏத்திட்டியா? டேய், அறுபது வருஷமா ஒவ்வொரு வசந்தத்துலயும் உங்கம்மாவுக்கு நான் ஊதுபத்தி ஏத்துறேன். மூத்த மகன்னு முதல் வணக்கம் என்னுதுதான். எங்கம்மாவுக்கு ஒரு தடவை ஏத்தியிருப்பனா? யாருக்காவது தெரிஞ்சிரும்னு ஏத்தல. நீ என்னடான்னா நாய்க்கு அழுவுற!"

டேப் சுற்றிக்கொண்டிருந்தது. வினிஃபிரட்தான் மெதுவாகக் கேட்டாள். "மாமா, உங்க வீட்ல அடுப்பு எந்தப் பக்கம்? உங்க சொந்த வீட்ல?"

லெங் அவளைப் பார்த்தான். "தெரியலியேம்மா," என்றான். "யாரும் கேட்டதில்லியே."

கால்வின், எழுபத்தெட்டு வயது மனுஷன். என் வீட்டுத் துடைப்பம் வரைக்கும் தெரிந்தவன். "ஒரு லிச்சி மரம் இருந்துச்சுன்னு நெனைக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தான். எனக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவனைக் கேட்க வேண்டிய விதத்தில் கேட்டால்தான் வரும். நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரே போட்டேன். சிங்கத் தலையை மறுபடி மாட்டிக்கொண்டேன். "பேரு?" என்றேன் கட்டைக் குரலில்.

முதுகு விறைத்தது. "மோக் கிம்-லெங், ஐயா."

"பேரு!"

உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பெஞ்சுக்கு அடியிலிருந்து உன் அப்பா, "சொல்லிருண்ணே, கதவு சாத்தித்தான் இருக்கு" என்றான்.

"லீ... லீ சுங்-யாட், ஐயா."

ஒரே மேசையில் அறுபது வருஷம் அவனோடு சோறு தின்றிருக்கிறேன், அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன். நான் நிறுத்தினால் அவனும் நிறுத்திவிடுவான் என்று அடுத்த கேள்வியைப் போட்டேன். "வீட்டு வாசல் எந்தப் பக்கம்?"

"மேற்கு... மேற்கு, ஐயா! சாயங்காலம் வெயிலு அடுப்பு வரைக்கும் வரும். அடுப்பு தெற்குச் சுவர்! ஆமா, தெற்கு! எங்கம்மா வெயில்ல உக்காந்து பீன்ஸ் உரிப்பாங்க, ஐயா!" அதற்குப் பிறகு அவனை நிறுத்த ஆள் இல்லை. வினிஃபிரட் டேப் மாற்றினாள், மறுபடி மாற்றினாள். பிறகு உன் அப்பாவின் முறை. அவனும் நாற்காலியில் உட்கார்ந்து தன் சொந்தப் பெயரைச் சொன்னான். அதை நான் எழுதமாட்டேன், நீயே இங்கே வந்து அவன் வாயால் கேள். சொல்லும்போது ஒரு நொடி கூன் நிமிர்ந்தது, கண்ணால் பார்த்தேன். என்னைவிட அரை அடி உயரம், திருட்டுப்பயல்.

எல்லாம் முடிந்து வினிஃபிரட் மூட்டை கட்டும்போது, லெங் என் தலையிலிருந்து சிங்கத்தைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டான். நாற்காலியைக் காட்டினான். உட்கார்ந்தேன்.

"நாய் உண்டா?" என்றது சிங்கம்.

"உண்டு, ஐயா."

"என்ன நெறம்?"

"மஞ்சள், ஐயா. இடது காது வெள்ளை."

"யாரோட நாய்?"

"என்னோடது, ஐயா."

சிங்கம் வினிஃபிரட் பக்கம் திரும்பியது. "பதிஞ்சுக்கம்மா," என்றது.

ஆகையால், நீ கேள்விப்பட்டது சரி, அவர்கள் இருவரும் இப்போது என்னோடு பேசுவதில்லை. அவர்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது? தினமும் மாடிக்குப் போய்ப் புதிதாக ஞாபகம் வந்ததைச் சேர்த்துவிட்டு வருகிறார்கள். லெங் வீட்டுக்கு நேற்று ஒரு மாடி ஏறியிருக்கிறது. உன் அப்பா வீட்டுக்குப் பக்கத்தில் காவல் கோபுரம் ஒன்று முளைத்து, அதில் பீரங்கியும் வந்துவிட்டது. முன்னால் பதிவு செய்த பதினோரு பேரும் "எங்களை மறுபடி கேளும்மா, அப்பச் சொன்னது வேற வீடு" என்று மாடிப்படியில் வரிசை கட்டி நிற்கிறார்கள், சிங்கம் கேட்டால்தான் பதில் சொல்வோம் என்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, அதனால் நானும் யாரோடும் பேசுவதில்லை. வருகிற வசந்தத்தில் கல்லறைக்குப் போகும்போது ஊதுபத்திக் கட்டு மூன்று மடங்கு வேண்டுமாம். தட்டில் வறுத்த பன்றி போதுமா என்று இப்போதே சண்டை. நீ குடும்பத்தோடு வந்துவிடு.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகளுக்குப் புத்தாண்டுக் காசு வைத்து ஆளுக்கொரு சிவப்பு உறை இத்துடன் இருக்கிறது, நீ பிரித்துப் பார்க்காதே. பல்லெல்லாம் பலமாக, பிள்ளைகளெல்லாம் அடக்கமாக, கூரையெல்லாம் ஒழுகாமல் நீங்கள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் நடுப் பெரியப்பா,
கிம்-ஃபூ

பின்குறிப்பு: இந்தக் கடிதம் வழியில் எந்த அதிகாரியின் கையிலாவது சிக்கினால், ஐயா, தயவுசெய்து கவனிக்கவும்: மேலே எழுதியது அத்தனையும் ஒரு கிழவன் தன் தம்பி மகனைச் சிரிக்கவைக்கக் கட்டிய கதை. நாங்கள் மூவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே வீடு, அடுப்பு வடக்குச் சுவரோரம். லீ சுங்-யாட் என்ற பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. வினிஃபிரட் என்று ஒருத்தி கிடையாது, டேப் கிடையாது, எங்கள் சங்கத்துச் சிங்கம் யாரையும் கடிக்காது. ஆனால் நாய் இருந்தது. அது மட்டும் நிஜம். ஊரிலிருந்து என் படகு கிளம்பியபோது, ஆற்று வளைவு வரைக்கும் கரையோடு ஓடி வந்தது. அதன் பெயரை லெங் இன்னும் கேட்கவில்லை. கேட்பான் என்று காத்திருக்கிறேன்.